கூரை மரத்தில் ஓர் உள்ளங்கை

ஓர் அரபியின் பாலைவனத் தோட்ட வீட்டில், மரக்கூரை போட்ட மஜ்லிஸ் என்னும் விருந்தினர் கூடத்துக்கு விறகடுப்பு வைக்கும் வேலை. இன்ஜினியரான நான் ஒற்றைத் தகட்டுப் புகைக்குழாய் வாங்கியிருந்தேன். பளபளப்பைத் தவிர வேறு காரணமில்லை. முசஃபா தொழிற்பேட்டையிலிருந்து வந்த ஒல்லியான ஃபிட்டர் அதை விரலால் சுண்டினார்.

"சார், இது சூடேறுனா கூரையும் வெறகுதான்."

நடுவே சூடு கடத்தாத ராக்வூல் பஞ்சு வைத்த இரட்டைக் குழாயை மாட்டி, மரம் படாமல் சுற்றிலும் இடைவெளி விட்டார். அசிங்கமாகத் தெரிகிறதே என்று மிச்சப் பஞ்சை அந்த இடைவெளியில் திணித்தேன்.

"காத்து போயி சூடு ஆறுற வழி சார் அது!" என்று பிடுங்கினார்.

சோதனைக்காக அடுப்பு எரிந்த ஒரு மணி நேரமும் ஏணியில் நின்று, குழாயருகே மரத்தில் உள்ளங்கையை வைத்திருந்தார்.

"போதும், எறங்குங்கண்ணே."

"அரபி புள்ளைங்க இங்கதான படுக்கும் சார்? கை சுடலன்னு தெரியட்டும்."

தீப்பிடித்தால் ஓடத் தயாராக வாசலில் நின்றிருந்த நான், ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அந்தக் கைக்கு நேர் கீழே உட்கார்ந்தேன்.