கையை எடு பிள்ளை

மாமி கொம்பியூட்டரில் விளையாடும்போது இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். முதல் தரம் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மடத்துவெளியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு அவருடையது. நான் ஊர்காவற்றுறையில் கொம்பியூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை செய்ததால், பெட்டி முரண்டு பிடித்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத்தான் கூப்பிடுவார்.

அது அவருடைய மகன் விட்டுப்போன பெட்டி. அவரை நான் அண்ணை என்றுதான் சொல்வேன்; அவுஸ்திரேலியாவுக்கென்று படகு ஏறினவர். படகு போய்ச் சேர்ந்ததாகவும் செய்தியில்லை, கவிழ்ந்ததாகவும் செய்தியில்லை. அப்படிப் பிள்ளையைத் தொலைத்த மற்றத் தாய்மார் கோயில் கோயிலாக அலைந்தார்கள், சாத்திரம் கேட்டார்கள். மாமியோ அந்தப் பெட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, மகன் விளையாடிக்கொண்டிருந்த விளையாட்டைத் திறந்தார்.

திரையில் ஒரு மந்திரவாதியின் கோட்டை. அதற்குள் அறைக்குள் அறை. ஒவ்வொரு கதவிலும் நிறநிறமாகக் கற்கள் பதித்திருக்கும். பக்கத்துக் கற்களை இடம் மாற்றி ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் அவை உதிர்ந்துவிடும். எல்லாம் உதிர்ந்தால் கதவு திறக்கும், அண்ணை தன் பெயரைப் பதிந்துவிட்டுப் போயிருந்ததால் அந்தப் பெயரைப் போட்டு வாழ்த்தும். மாமி அந்தப் புது அறையை மூலை மூலையாகப் பார்ப்பார்.

"இதுக்குள்ளையும் இல்லை," என்பார். "அடுத்ததுக்குள்ளை பாப்பம்."

எந்தக் கல்லை நகர்த்துவதென்று தெரியாமல் முழிக்கும்போதுதான் கைகள் மடிக்குப் போகும். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் ஏதாவது ஒரு கல் மெல்ல நடுங்கும். மாமி அதைப் பிடித்து நகர்த்துவார்.

"ஆர் மாமி காட்டித் தாறது?" என்று பகிடியாகத்தான் கேட்டேன்.

"வேறை ஆர்? அவன்தான். கை மௌஸிலை இருந்தா வரமாட்டான். சின்னனிலையும் அப்பிடித்தான், நான் பாத்துக்கொண்டு நிண்டா ஒண்டும் செய்யமாட்டான்."

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படியான விளையாட்டுகளில் கொஞ்ச நேரம் ஒன்றையும் நகர்த்தாமல் இருந்தால், விளையாட்டே ஒரு கல்லை ஆட்டி வழி காட்டுவது வழக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தாயிடம் அதை எந்த வாயால் சொல்வது?

மாமிக்கு நெஞ்சு வருத்தம் கூடியபோது கனடாவிலிருந்த மகள் தன்னிடம் வரச்சொல்லிக் கெஞ்சினாள். மாமி மசியவில்லை. கடைசியில் அவள் எனக்குப் போன் எடுத்து அழுதாள். "அம்மா அந்தக் கல்லை நம்பித்தான் அங்கை கிடக்கிறா. அது வெறும் விளையாட்டெண்டு நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ அக்கா."

ஒரு மத்தியானம் போனேன். மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன்: "மாமி, விளையாடுறவைக்கு உதவி செய்யச் சொல்லி இதுக்குள்ளையே எழுதி வைச்சிருக்கு. நான் அதை நிப்பாட்டிக் காட்டுறன், பாருங்கோ."

விளையாட்டின் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தேன். அந்த உதவி ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது.

"அவன் ஆற்றையும் உதவி கேக்கிறேல்லைப் பிள்ளை," என்றார் மாமி. "பெட்டி வந்த அண்டைக்கே அதை நிப்பாட்டினவன்."

அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மௌஸிலிருந்து கையை எடுத்தேன். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பச்சைக் கல் நடுங்கியது. பழைய பெட்டி, உள்ளே ஏதோ பழுது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மெசின்களோடு மாரடிக்கிறவள் நான். அந்தச் சமாதானம் எனக்கே எடுபடவில்லை.

மாமிக்கு மகளிடம் போக விருப்பமில்லாமல் இல்லை. "நான் போனா இவன் ஆருக்குக் காட்டுறது?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. பெட்டியை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகே புறப்பட்டார். "பின்னேரத்திலை ஒருக்காத் திறந்து வை. வாறானோ எண்டு மட்டும் சொல்லு."

இப்போது அது என் அறையில் இருக்கிறது. மாமி போனில் கேட்பார், நான் பார்த்துச் சொல்லுவேன். போன கிழமை கேட்டபோது வெகு நேரமாகியும் ஒரு கல்லும் அசையவில்லை.

"வாறானோ?"

"இல்லை மாமி."

அண்ணை போய்விட்டார் என்றே நினைத்தேன். அவரோடு நான் அதிகம் பேசியதுகூட இல்லை; ஆனாலும் மாமியிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. பொய்யாவது சொல்லுவோமென்று வாயைத் திறந்தேன்.

"கையை எடு பிள்ளை," என்றார் மாமி.

குனிந்து பார்த்தேன். என் கை மௌஸில் இருந்தது. அது முகம் தெரிகிற அழைப்பல்ல, வெறும் குரல்.

கையை எடுத்து மடியில் வைத்தேன். திரையின் மூலையில் ஒரு நீலக் கல் நடுங்கத் தொடங்கியது.

"ஓம் மாமி," என்றேன்.