அத்தையின் நடிகரும் மிராசுதார் வீட்டு சோபாவும்

என் அத்தையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ‘பாவம், புருஷன் போனவள்’ என்று ஆரம்பிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். அத்தை ஒருநாளும் பாவமாக இருந்ததில்லை. அவளிடம் வாய் கொடுத்தவர்கள்தான் சில சமயம் பாவம்.

குடவாசலுக்குத் தெற்கே எங்கள் ஊர். மாமா இறந்த பிறகு, அவர் குத்தகைக்குச் செய்துவந்த ஐந்து மா நிலத்தை, அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, அத்தை தானே செய்தாள். குத்தகைக்காரரை நினைத்தபோதெல்லாம் கிளப்பிவிட முடியாது என்று சட்டம் இருந்தது. கட்சி மாறிக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தச் சட்டத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. தாசில்தார் ஆபீஸ் பதிவேட்டில் மாமா பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை ஏற்ற அத்தை செருப்புத் தேய நடந்திருக்கிறாள். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாருக்கோ அதை விற்றுவிட ஆசை. அத்தையாக மனமுவந்து விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. மிரட்டிப் பார்த்தார். வாய்க்கால் தண்ணீரை அடைத்துப் பார்த்தார். அத்தை மண்வெட்டியோடு போய் மடையைத் திறந்துவிட்டு வந்தாள். அப்புறம்தான் அவருக்குத் தன் வீட்டு டிவி ஞாபகம் வந்தது.

அத்தைக்கு ஒரு சிரிப்பு நடிகர் மேல் உயிர். கறுப்பு வெள்ளைக் காலத்தில் அவர் இல்லாத படம் ஓடாது என்பார்கள். பெரும்பாலும் பண்ணையாளாக வருவார். எஜமான் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு எட்டு தள்ளிப் போனதும் நேர்மாறாகச் செய்வார். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த எங்கள் ஜனங்களுக்குச் சிரித்துச் சிரித்தே வயிறு புண்ணாகும். பிறகு படங்கள் நின்று வீட்டோடு கிடந்தவர், பல வருஷம் கழித்து டிவி தொடரில் வரப்போகிறார் என்று பேப்பரில் போட்டிருந்தான்.

ஊரில் கலர் டிவி மிராசுதார் வீட்டில் மட்டும்தான். மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பதுதான் வழக்கம். அன்றைக்கு அத்தைக்கு மட்டும் ஆள் அனுப்பி, உள்ளே வந்து உட்கார்ந்தே பார்க்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில், ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து அவர் காபியைக் குடித்துவிட்டால் அப்புறம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. அதை நம்பித்தான் அவர் கூப்பிட்டார்.

அத்தை நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, ஒன்பது வயதான என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சோபாவின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்த என்னை, நன்றாகச் சாய்ந்து உட்காரடி என்று உள்ளே தள்ளினாள். காபி வந்தது. அத்தை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

தொடர் ஆரம்பித்தது. பொய் சொல்வானேன், மகா மட்டம். கன்னம் ஒட்டிப்போய், பல்செட் ஆட, பேச வேண்டியதை மறந்து அவர் கண் ஓரமாகப் போய் யாரையோ தேடியது. நண்டும் சிண்டுமான நடிகர்கள் அவர் தலையில் தட்டினார்கள், அவர் விழுந்தார், டிவிக்குள்ளே ஏதோ ஒரு கும்பல் சிரித்தது. எங்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் ஒவ்வொருத்தராக நழுவினார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷனைப் பற்றியா அத்தை இத்தனை நாள் அளந்தாள்!

மிராசுதார் உச்சுக்கொட்டினார். “பாத்தியாம்மா? முடியாத காலத்துல கௌரவமா ஒதுங்கிக்கணும். இருக்கற பேரையும் கெடுத்துக்கிட்டு இது எதுக்கு?”

அப்படியே டீப்பாய் அடியிலிருந்து எழுதித் தயாராக இருந்த பத்திரத்தை எடுத்து அத்தை பக்கம் நகர்த்தினார். ஒண்டியாக எத்தனை நாள் சேற்றில் கிடந்து மல்லாடுவாய், போன சம்பாவிலேயே பாதி பதராகப் போயிற்றே, நிலத்தை விட்டுவிட்டு அண்ணன் வீட்டில் நிம்மதியாக இரு என்றார். பேனா மூடியைக்கூட அவரே கழற்றிக் கொடுத்தார்.

அத்தை பேனாவை வாங்கவில்லை. தொடர் முடிந்து கடைசிப் பெயர் ஓடும்வரை டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

“நல்லா இல்லதாங்க,” என்றாள். “அவர் இன்னைக்குப் பண்ணது ஒண்ணுமே நல்லா இல்ல. அதுக்காக ஒதுங்கிக்கன்னு சொல்ல நீங்க யாருங்க?”

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பிடித்த கையை வாய்க்கால் பாலம் தாண்டும்வரை விடவில்லை.

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒரு சினிமாக்காரருக்காக மிராசுதாரையே எங்கள் அத்தை கேள்வி கேட்டுவிட்டாள் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் தீர்த்தேன். அதோடு விட்டேனா? ஒரு தபால் கார்டு வாங்கி, உங்களை ஒதுங்கச் சொன்னவரை எங்கள் அத்தை சும்மா விடவில்லை, நீங்கள் பயப்படாமல் நடியுங்கள் என்று டிவி நிலையத்துக்கு எழுதினேன். அத்தையும் கையெழுத்துப் போட்டால் கனமாக இருக்குமே என்று வயலுக்கே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த அத்தை கரையேறி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து படித்தாள். பிறகு பென்சிலை வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டாள். அதற்குக் கீழே, கார்டு கிழிந்துவிடுமோ என்று நான் பயப்படும் அளவுக்கு அழுத்தி, ‘குத்தகை சாகுபடிதாரர், ஐந்து மா’ என்று எழுதினாள்.

“அவருக்கு எதுக்கு அத்தை இதெல்லாம்?” என்றேன்.

“இருக்கட்டும்டி.”

கடுதாசி எழுதும் முறைகூட அத்தைக்குத் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த வரியை அழித்துவிடலாம் என்று தபால் பெட்டிவரை எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டே போனேன். அழியவில்லை.