டியூப்லைட்டுக்கு அடியில் சித்தியின் கன்னம்

சித்தியின் கன்னத்தில் கிளம்பிய பருக்களைப் பார்த்து மலைகளே வெட்கப்பட்டன. எரிமலைகள் லீவு போட்டுவிட்டுப் போயின. இதைச் சொன்னால் சித்தி செருப்பைத் தேடுவாள். ஆனாலும் முப்பத்திரண்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்டியாகப் பரு வளர்த்தவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்.

வேலை அழகு நிலையத்தில். புருவம் திருத்த உட்கார்ந்தால் அவள் நூலுக்குக் கண் இருக்கிறதோ என்று தோன்றும். முதலாளியம்மாவை அவள் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறந்தவளிடம்கூட அப்படி உருகியதில்லை. அந்த அக்காதான் ஒரு நாள் லேபிள் இல்லாத வெள்ளை டப்பா ஒன்றை நீட்டினார்.

“என் சொந்தத் தயாரிப்பு. ராத்திரி தடவிக்கோ. எனக்கு நீ வேற, என் பொண்ணு வேறயா?”

ஒரே வாரத்தில் முகம் இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிட்டது. அதன்பிறகு டப்பாவை வாங்க யாராவது தயங்கினால் அக்கா கையைத் தட்டுவார். சித்தி வந்து டியூப்லைட்டுக்கு அடியில் நின்று வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டுவாள். “முன்னாடி இவளைப் பார்த்திருந்தா பயந்து ஓடியிருப்பீங்க” என்பார் அக்கா. எல்லோரும் சிரிப்பார்கள். சித்தியும் சிரிப்பாள். டப்பா விற்றுவிடும்.

பிறகு அக்காவின் மகளுக்கு நெற்றி நிறையப் பரு வந்தது. சித்திக்கு மனசு கேட்கவில்லை. புது டப்பாவைத் திறந்து, விரலில் எடுத்து, அந்தப் பெண்ணின் நெற்றியருகே கொண்டுபோனாள். அக்கா பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அவளுக்கு வேண்டாம். தோல் டாக்டர்கிட்ட காட்டிட்டிருக்கேன்.”

“நம்ம க்ரீம் இருக்கறப்ப டாக்டர் எதுக்குக்கா?”

“சின்னப் பொண்ணு. தோல் கெட்டுப்போயிடும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அக்காவுக்கே உறைத்தது. சித்தி விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் டப்பாவோடு அதே டாக்டரிடம் போனாள். அவர் முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். “இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு நினைக்கிறேன். சிவப்பைச் சட்டுனு அமுக்கிடும். ஆனா தோலை மெலிசாக்கிடும். விட்டதும் எல்லாம் சேர்ந்து கிளம்பும்.” பரு அழுக்கினால் வருவதல்ல, எண்ணெய் தேங்கித் துளை அடைபட்டு வருவது, பெரியவர்களுக்கும் வரும் என்றார். “நான் தர்ற ஜெல் மெதுவாத்தான் கேக்கும். மூணு மாசம் பொறுக்கணும். கிள்ளக் கூடாது.”

“இந்தக் கன்னத்தைக் காட்டி எத்தனையோ பேருக்கு வித்திருக்கேனே, டாக்டர்.”

அதற்கு டாக்டரிடம் மருந்து இல்லை.

க்ரீமை விட்டதும் முகம் தக்காளியாய்ச் சிவந்து வெடித்தது. “உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?” என்று சித்தி கேட்டாள்.

“இத்தனை நாள் நல்லாத்தானே இருந்துச்சு? நன்றி கெட்டவளா பேசாதே. இந்த முகத்தோட முன்பக்கம் வராதே, கஸ்டமர் மிரண்டுடுவாங்க.”

சித்தி பின்னறையில் துண்டு துவைத்தாள். வேறு வேலை கையில் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த வேலையாவது மிஞ்சும்.

ஒரு சாயங்காலம் ஓர் அம்மா, பரு நிறைந்த மகளை உட்கார வைத்துவிட்டு, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், அக்காவின் கை தானாகத் தட்டிவிட்டது.

சித்தி ஈரக்கையோடு வந்தாள். டியூப்லைட்டுக்கு அடியில் நின்றாள். வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“இதே டப்பாதாங்க. உங்க பொண்ணுக்கு வாங்காதீங்க.”

வேலை அன்றைக்கே போயிற்று. இப்போது வேறொரு கடையில் புருவம் திருத்துகிறாள். முகம் மெல்ல ஆறி வருகிறது. அங்கே யாரையும் அவள் ‘அக்கா’ என்று கூப்பிடுவதில்லை.

இவ்வளவையும் வாசித்துக் காட்டியபோது சித்தி சிரிப்பாள் என்று எழுதியவன் எதிர்பார்த்தான். அவள் அவன் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. போன வாரம் இங்க பரு கொத்துக் கொத்தா இருந்துச்சே, அதெல்லாம் எங்கடா? நான் குப்பையில போட்ட டப்பாவை எடுத்தது நீதானா?”