நான் போட்டுக் கொடுத்த கிரீன் டீ

மட்டாஞ்சேரியில் ஒரு தேயிலைக் கிடங்கில் எனக்கு வேலை. மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுப்பேன். என் மனைவிக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்று சொன்ன நாளிலிருந்து, எந்த மூட்டையைக் குத்தினேன் என்பதே மறந்துபோகிறது.

வாரம் ஒருநாள் படகேறி எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளுக்கு வயிற்றில் ஊசி போட்டு வருவோம். அந்த ஊசி என்ன செய்கிறது என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். செல்லுக்குள் சில புரதங்கள் ‘பிரி’ என்று உத்தரவு போடுமாம், சில ‘நில்’ என்று தடுக்குமாம். வேலை முடிந்த புரதத்துக்குச் செல் ஓர் அடையாளம் ஒட்டி, உள்ளே இருக்கிற அரவை மெஷினில் தள்ளிவிடும். சரியான நேரத்தில் அரைத்தால்தான் செல் ஒழுங்காக வளரும், பிரியும். புற்றுநோய்ச் செல் என்ன செய்கிறதென்றால், ‘நில்’ என்கிற புரதத்தையும் போட்டு அரைத்துவிட்டுப் பெருகுகிறது. ஊசி மருந்து அந்த மெஷினை அடைத்துவிடும். கழிவு சேர்ந்து, மூச்சு முட்டி, அந்தச் செல் சாகும்.

எனக்குப் புரிந்தது. புரிந்தும் சும்மா இருந்தேனா? கிரீன் டீ குடித்தால் புற்றுநோய் கரையும் என்பது எங்கள் கிடங்கில் எல்லோர் வாயிலும் இருக்கிற பேச்சு. முதல் தரமான இலையாகப் பொறுக்கி எடுத்து வந்தேன். தினமும் நாலு கிளாஸ். கசக்கிறது என்று அவள் முகத்தைச் சுளித்தாலும் விடமாட்டேன், குடித்து முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இரண்டாம் மாத ரத்தப் பரிசோதனையில் நோய் கொஞ்சம்கூடக் குறையவில்லை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வேறு ஏதாவது சாப்பிடுகிறாளா என்று அவளிடம் மலையாளம் கலந்து கேட்டார்.

“சேச்சி, வீட்ல வேற எந்தெங்கிலும் கழிக்குன்னுண்டோ? நாட்டு மருந்து, பொடி?”

“ஒண்ணுமில்ல டாக்டர். கிரீன் டீ மட்டும்தான்,” என்றாள் அவள்.

“ஐயோ! எத்தனை?”

“நாலு கிளாஸ்.”

அந்த இலையில் இருக்கிற ஒரு சத்து இந்த ஊசி மருந்தையே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மருந்து மெஷின்கிட்டேயே போயிருக்காது என்றார். இரண்டு மாதம்! பாவி, என் கையாலேயே நோயை வளர்த்திருக்கிறேன்.

“ஆரு சொன்னது இது குடிக்கான்?” டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது.

நான் பரிசோதனைச் சீட்டை மடிக்க ஆரம்பித்தேன்.

“நானாத்தான் குடிச்சேன். இவங்களுக்குத் தெரியாது,” என்றாள் அவள். திட்டு முழுவதையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். நான் கோழை மாதிரி பக்கத்தில் நின்றேன். டீயை அன்றே நிறுத்தச் சொன்னார். மறுபடி நாலு ஊசி போட்டுப் பார்த்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்.

படகில் அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. “ஏன் பொய் சொன்னே?” என்று கேட்டேன்.

“உங்களத் திட்டினா, அப்பறம் ஒரு வாய் கஞ்சி தரக்கூடப் பயப்படுவீங்க. நான் யார் கையால சாப்பிடறது?”

மறுநாள் காலையில் கஞ்சி வைத்தேன். உப்புப் போடலாமா என்று டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.