கோவளம் மணலில் புதைந்த லாரி

தாம்பரத்தில் ஏறிய பஸ்ஸை விட்டுக் கோவளத்தில் இறங்குகிறேன். கரையில் ஊரே திரண்டு நிற்கிறது. ஒத்திகைக்கு வந்த ராணுவக் கப்பல் ஒன்று மூக்கை மணலில் ஏற்றி, முன்கதவைத் திறந்து இரும்புச் சரிவை இறக்கியிருக்கிறது. அதில் வந்த முதல் லாரி பத்தடி போவதற்குள் அச்சுவரை புதைந்துவிட்டது. டிரைவர் மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் கீழே போகிறது. அலை வேறு ஏறி வருகிறது.

என் பக்கத்தில் நிற்கும் மீன் விற்கும் ஸ்டெல்லா அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா மிதிச்சிக்கினே கீறான் பாரு! டயர்ல பாதிக் காத்த எறக்கச் சொல்லு சார். எங்கூட்டுக்காரரு மீன் வேன இப்டித்தான் எடுப்பாரு."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதேக்கா."

"உனுக்கு இந்தி தெரியும்ல? போய்ச் சொல்லு!"

அரைகுறை இந்தியில் அதிகாரியிடம் சொல்கிறேன். அவர் அக்காவைப் பார்க்கிறார், அலையைப் பார்க்கிறார், தலையசைக்கிறார். டயர்களிலிருந்து காற்று சீறி இறங்குகிறது. மீனவர்களும் சிப்பாய்களும் தோள்கொடுத்துத் தள்ள, லாரி உறுமிக்கொண்டு மேலேறிவிடுகிறது.

"ரோட்டுக்குப் போக எந்தப் பக்கம் மணல் கெட்டி என்று அவரையே கேளுங்கள்" என்கிறார் அதிகாரி.

அக்காவிடம் கேட்கிறேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடக்கிறார். கப்பலிலிருந்து இறங்கும் லாரிகள் ஒவ்வொன்றாக அவர் பின்னால் போகின்றன.