பத்ரோனின் பதினொரு புள்ளிகள்

எங்கள் வீட்டில் விண்ணப்பம் நிரப்புகிற உத்தியோகம் எனக்குப் பத்து வயதிலேயே கிடைத்துவிட்டது. பாரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் எங்கள் மாடிக் குடியிருப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே கதிதான். அம்மாவின் வதிவிடக் கடதாசி, அப்பாவின் வேலைக் கடதாசி, மேல்வீட்டு அன்ரியின் வாடகைக் கடதாசி என்று எது வந்தாலும், "பிள்ளை, உதை ஒருக்கால் பார்" என்று என் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு மேலேயே கொண்டுவந்து வைப்பார்கள். எனக்கு அதில் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. பிரான்ஸ் அரசாங்கமே என் பேனாவுக்காகக் காத்து நிற்கிறதென்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தத் தலைக்கனத்தோடுதான் ஒரு மனிதரின் உயிரில் விளையாடினேன்.

நான் நிரப்பிய விண்ணப்பங்களிலேயே விசித்திரமானது ஒரு மானுக்கானது.

சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். கலியாணம் செய்யவில்லை, வரவேற்பறைச் சோபாதான் அவருடைய படுக்கை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரரின் சின்ன உணவகத்தில் கோப்பை கழுவப் போய்ச் சேர்ந்தவர், பதினெட்டு வருடத்தில் அங்கே குசினிக்கே பொறுப்பாகிவிட்டார். அந்த முதலாளியை வீட்டிலும் நாங்கள் 'பத்ரோன்' என்றுதான் சொல்வோம். புதன்கிழமைகளில் மத்தியானத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் இல்லை. அம்மா வேலைக்குப் போய்விடுவார். ஆகவே நான் ரயிலேறி வந்து, அந்த உணவகத்தின் மூலை மேசையில் வீட்டுப்பாடம் செய்வேன். பத்ரோன் என்னைத் தன் காரியதரிசி என்பார். பிறகென்ன, என்னைப் பிடிக்கவே முடியாது.

பத்ரோன் வேட்டைக்காரர். சுவரில் இரண்டு பன்றித் தலைகள் இருந்தன. அவற்றின் கண்ணாடிக் கண்களைத் துடைப்பதும் சித்தப்பாவின் வேலைதான். ஆனால் பத்ரோனின் மனது முழுக்க இருந்தது அமெரிக்காவின் மேற்கு மலைகளில் திரியும் ஒரு மானில். வாபித்தி என்பார். சித்தப்பா அதை அம்மாவுக்கு விளக்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "எங்கட வன்னி மரை இருக்கெல்லோ அண்ணி, அதிலும் பெரிசு."

"மரை சுடவும் இஞ்சையிருந்து விண்ணப்பம் போடோணுமோ?" என்று அம்மா கேட்டார்.

போடத்தான் வேண்டும். அங்கே கண்டபடி சுட விடமாட்டார்கள். வருடத்துக்கு இத்தனை அனுமதிச் சீட்டு என்று கணக்கு. அதில் பெரும்பங்கு அந்த மாநிலத்து ஆட்களுக்கு. மிச்சம் இருக்கும் கொஞ்சத்துக்கு வெளியார் எல்லோரும் விண்ணப்பிப்பார்கள், குலுக்கல் நடக்கும். கிடைக்காதவருக்கு ஆறுதலாக ஒரு புள்ளி. அடுத்த வருடம் புள்ளி கூடியவர்களுக்கே முதலிடம். இடையில் விண்ணப்பிக்காமல் விட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும். பத்ரோன் ஒரு வருடமும் விடவில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, கணினியைக் கண்டாலே எரிச்சல். யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலத்தோடு சித்தப்பாதான் ஒவ்வொரு தை மாதமும் அதைச் செய்துகொடுப்பார். நான் தட்டெழுதத் தொடங்கிய பிறகு, சித்தப்பா வாசிப்பார், நான் அடிப்பேன். நான் சொல்லவரும் அந்த வருடம் பத்ரோனிடம் பதினொரு புள்ளிகள் இருந்தன. முந்தைய வருடம் பதினொரு புள்ளிக்காரர்கள் எல்லோருக்கும் சீட்டுக் கிடைத்திருந்தது. இந்தமுறை கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும் என்று பத்ரோன் வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி நான்கு வருடம். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு வாடகைக் கார் வரும். ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் மெஷினில் படுத்திருக்க வேண்டும். மனைவி இல்லை. மகள் தெற்கே எங்கோ தூரத்தில். ஆகவே சித்தப்பா விடியவே ரயிலேறிப் போய், அவருக்குக் கோட்டை மாட்டிவிட்டு, கூடவே போய், பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வருவார். அது சம்பளத்தில் சேர்ந்த வேலையா என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, சித்தப்பா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அடுத்த நாள் ரயிலுக்கு அலாரம் வைத்தார்.

பத்ரோனுக்கு அந்த மெஷின் ஒரு பகிடி. தன் இரத்தத்தைத் துவைத்துக் காயப் போடுகிறார்கள் என்பார். ஒரு புதன்கிழமை என்னிடம் மலைகளின் படத்தைக் காட்டி, குதிரை, கூடாரம், பத்து நாள் என்று விரல்விட்டு எண்ணினார். சீட்டு வந்ததும் உணவகத்தை ஒரேயடியாகப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிடப் போகிறாராம். "அந்த மானுக்காகத்தான் இவ்வளவு நாளும் மெஷினில் கிடந்தேன், காரியதரிசி அம்மா. மலையில் மெஷின் கிடையாது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாட்கள் மாதிரி அது கேட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவின் கத்திச் சத்தம் நின்றுபோயிற்று. வெங்காயம் கண்ணை எரிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

அந்தத் தை மாதம் விண்ணப்பம் போட உட்கார்ந்தபோது, சித்தப்பா விதிகளை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். ஒரு வரியின் கீழே விரலை வைத்து, இதை விளங்கப்படுத்து என்றார். இரண்டு பேர் ஒரே விண்ணப்பத்தில் சேர்ந்து போட்டால், இருவரின் புள்ளிகளுக்கும் சராசரி எடுப்பார்கள் என்று இருந்தது. வகுப்பில் அப்போதுதான் சராசரி படித்திருந்தேன். விடுவேனா? கரும்பலகை ஒன்றுதான் குறை, மற்றப்படி வாத்தியார் மாதிரியே படிப்பித்தேன்.

"அப்ப பதினொண்டும் சைபரும்?" என்று கேட்டார்.

"அஞ்சரை, சித்தப்பா."

"சரி. என்ர பேரையும் சேர்."

எனக்குத் திக்கென்றது. அப்படிச் செய்தால் பத்ரோனுக்குக் கிடைக்காதே என்றேன். அவர் திரையைப் பார்த்தபடியே, "எனக்குத் தெரியும் பிள்ளை. நீ அடி. அவருக்குச் சொல்லாதை" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். கட்ட வேண்டியதைத் தன் அட்டையாலேயே கட்டினார்.

ரயிலில் வரும்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது விளங்கிவிட்டதென்று நினைத்தேன். சீட்டு வந்தால் பத்ரோன் கடையைப் பூட்டுவார். கடையைப் பூட்டினால் சித்தப்பாவுக்கு வேலை போகும். அவ்வளவுதானே! தன் வேலைக்காக ஒரு நோயாளிக் கிழவரின் பன்னிரண்டு வருட ஆசையில் மண் அள்ளிப் போட்டுவிட்டார். என் சித்தப்பா இப்படிப்பட்ட ஆளா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வைகாசியில் முடிவு வந்தது. கிடைக்கவில்லை என்று மட்டும் சித்தப்பா சொன்னார். பத்ரோன் அன்று முழுக்க உணவகத்துக்கு மேலே இருந்த தன் வீட்டைவிட்டு இறங்கவில்லை. மறுநாள் வியாழக்கிழமை. ஏழு மணிக்குக் கார் வந்தபோது தானே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "அப்போ பன்னிரண்டு. அடுத்த வருடம் பார்ப்போம்" என்றாராம். சித்தப்பா இதை வீட்டில் வந்து சொன்னார். வரும்போது பை நிறைய மட்டன் ரோல்ஸ் வேறு வாங்கி வந்திருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. அவர் நீட்டிய ரோல்ஸை நான் தொடவில்லை.

அதற்கு இரண்டு கிழமை கழித்து ஒரு புதன்கிழமை. கறிவேப்பிலை முடிந்துவிட்டதென்று சித்தப்பா ரூ பிலிப்-து-ஜிரார் தெருத் தமிழ்க் கடைக்குப் போயிருந்தார். பத்ரோன் என்னைக் கூப்பிட்டு, தன் பன்னிரண்டு புள்ளியைக் கண்ணால் பார்க்க வேண்டும், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டு என்றார். திறந்தேன். பன்னிரண்டைக் காட்டிவிட்டு மூடியிருக்கலாம். கடவுளே, மூடியிருக்கலாம். ஆனால் அந்த வருடத்து விண்ணப்பம் அதே பக்கத்தில் இருந்தது. இருவர், சராசரி ஐந்தரை என்று. அது என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். பதினொன்றையும் சைபரையும் கூட்டி இரண்டால் பிரித்துக் காட்டினேன். அது யாருடைய சைபர் என்பதையும் சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன் என்ற பெருமை ஒருபக்கம். கோள் மூட்டுகிற சுகம் மறுபக்கம். இரண்டும் எனக்குத் தித்தித்தன.

சித்தப்பா கறிவேப்பிலைப் பையோடு வந்தார். பத்ரோன் கதிரையைவிட்டு எழும்பவில்லை. "உன் சம்பளத்துக்காக என் மலையைத் திருடிவிட்டாய்" என்றார். சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை. வெளியே போ என்று பத்ரோன் கத்தினார். அவர் சத்தம் போட்டு நான் அன்றைக்குத்தான் கேட்டேன். சித்தப்பா ஏப்ரனைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு வியாழக்கிழமை, ஏழு மணிக்குக் கார் வரும் என்று மட்டும் சொன்னார். பதினெட்டு வருடம் அதோடு முடிந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் சரியான சனம். ஒரு இடம் கிடைத்தது; என்னை உட்காரவைத்து, என் பள்ளிக்கூடப் பையையும் தன் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஏன் சொன்னாய் என்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்டு இரண்டு அடி போட்டிருந்தாலும் என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வீட்டில் அம்மா விட்டு வைக்கவில்லை. "தம்பி, உமக்கென்ன விசரே? அந்தாளின்ர சோத்தைத் திண்டுகொண்டே இந்த வேலை பாத்தனீரோ?" என்று பேசினார். நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். சித்தப்பாவின் பையிலிருந்து ஏப்ரனைத் தோய்க்க எடுத்தபோது அதற்குள் நாலாக மடித்த ஒரு கடதாசி இருந்தது. அவர் கையெழுத்தில் ஏழு வரிக் கணக்கு. பதினொன்றும் சைபரும், ஐந்தரை. பன்னிரண்டும் ஒன்றும், ஆறரை. பதின்மூன்றும் இரண்டும், ஏழரை. இப்படியே ஆறாவது வரியில் பத்தரை. ஏழாவது வரியில் பதினொன்றரை. அதைச் சுற்றி ஒரு வட்டம். வாத்தியாரால் சும்மா இருக்க முடியுமா? சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சரி போட்டேன். பிறகு அம்மாவிடம் கொண்டுபோய், "பாருங்கோ, ஆறு வருசத்துக்குத் திட்டம் போட்டு வைச்சிருக்கிறார்" என்று காட்டினேன். சித்தப்பா சோபாவில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் விடிய வழக்கம்போலக் கிளம்பிப் போனார். பத்ரோன் கதவைத் திறக்கவில்லை. காரையும் திருப்பி அனுப்பிவிட்டார். சனிக்கிழமையும் அப்படியே. சித்தப்பா மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். அப்பா சொல்வழி கேட்கமாட்டார், நான் என்ன செய்ய என்று அவள் அழுதாளாம். ஆஸ்பத்திரிக்குச் சொன்னார், அவர்கள் ஆள் அனுப்பினார்கள். பத்ரோன் புத்தி தெளிவாக, வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். செவ்வாயும் சித்தப்பா அந்தத் தெருவில் நின்றார். வியாழனும் சனியும் நின்றார். மாடி யன்னல் திரை ஒருமுறை அசைந்தது என்று வந்து சொன்னார். அடுத்த செவ்வாய்க்கிழமை போகத் தேவை இருக்கவில்லை.

பத்ரோனின் இறுதிப் பூசைக்கு என்னையும் கூட்டிப் போனார். தேவாலயத்தில் ஒருவரும் எங்களுக்குக் கை தரவில்லை. கடைசி வாங்கில் இருந்தோம். சித்தப்பா முழந்தாளிட்டவர், மற்றவர்கள் எழும்பிய பிறகும் எழும்பவில்லை. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. செய்ததையும் செய்துவிட்டு என்ன நடிப்பு என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதில் எனக்கு அவ்வளவு கல் நெஞ்சு.

வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "நீ சரி போட்ட கடதாசி எங்கை, பிள்ளை?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சிவப்புச் சரிகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனார்.

"கணக்குச் சரிதானே?" என்றார்.

"ஓம், எல்லாம் சரி" என்றேன்.

தலையாட்டினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

சராசரி எனக்குத் தெரிந்திருந்தது. ஐந்தரை என்றால் பத்ரோனுக்கு இன்னும் ஒரு வருடம், ஆறரை என்றால் இன்னுமொரு வருடம் என்று, ஒரு மனிதர் ஆறு வருடம் காலை ஏழு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏற வேண்டுமென்று இன்னொரு மனிதர் கூட்டிப் பிரித்துப் பார்த்திருக்கிறார் என்பது தெரியவில்லை. தெரியாமல், ஒவ்வொரு வருடத்துக்கும் பக்கத்தில் சிவப்பு மையால் சரி போட்டிருந்தேன்.