தரங்கம்பாடியில் முத்தாயம்மாள்

மோகனூர் அப்புசாமிக் கவுண்டரை ஊரே மெச்சியது. மெச்சாத ஒரே ஆள் அவருடைய மனைவி முத்தாயம்மாள். இருபத்திரண்டு வருஷம் அவருக்குச் சோறு போட்டவள். எதற்கு நடுங்குவார், எங்கே பொய் சொல்வார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். உதட்டின் ஓரம் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கும்.

மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷம், கரும்பு வெட்டு ஓய்ந்ததும் கவுண்டருக்குக் கடற்கரை ஆசை வந்தது. அதைக் கிளப்பிவிட்டவர் அவருடைய பால்ய சிநேகிதர், வெல்ல மண்டி வேலுமணி.

"பத்து நாள் கடக்காத்து வாங்குனா ஒடம்பு இரும்பாட்டம் ஆயிருமாமுங்கண்ணா" என்றார்.

வேலுமணியின் மனைவி சௌந்திரத்தையும் சேர்த்து நாலு பேர் பரிசலில் காவிரியைத் தாண்டி, கரூரில் ரயிலேறி, மாயவரத்தில் வண்டி மாறித் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். கடலைப் பார்த்த தெருவில் ஓர் ஓட்டு வீடு வாடகைக்குக் கிடைத்தது.

ஓய்வெல்லாம் ஆண்களுக்குத்தான். காலையில் பழைய கோட்டைவரை நடந்துவிட்டு, கூடை மண் சுமந்தவர்களைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு வந்து காலை நீட்டுவார்கள். உடனே இட்லி வேண்டும். மத்தியானம் நண்டு, ராத்திரி கொடுவா மீன். பெண்கள் இருவரும் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"தெனமும் எட்டு ஏக்கரா வரப்பு சுத்தறவ நானு. இவங்க மணல்ல நாலு எட்டு வெச்சுட்டு வந்து கால் அமுக்கச் சொல்றாங்க பாரு" என்றாள் முத்தாயம்மாள். சௌந்திரம் சிரித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் பெண்கள் மீன் வாங்கக் கரைக்குப் போனார்கள். அங்கே ஆண்கள் இருவரும் காவிரி வெள்ளத்தை நீந்திக் கடந்த கதையை வலைக்காரர்களுக்கு அளந்துகொண்டிருந்தார்கள். பேச்சு சூடேறி, வேலுமணி கோவணத்தோடு தண்ணீரில் இறங்கினார். கவுண்டரும் பின்னாலேயே போனார். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் ஓர் அலை வந்து வேலுமணியைக் குப்புறத் தள்ளியது. எழ முயன்றவரை அடுத்த அலையும் உருட்டியது. கவுண்டர் ஒரு கூச்சல் போட்டுவிட்டுத் திரும்பி ஓடியவர், மேட்டிலிருந்த பனைமரத்தை எட்டிய பிறகுதான் நின்றார்.

வலைக்காரர்கள் எழுந்து வருவதற்குள் முத்தாயம்மாள் கூடையைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டாள். வேலுமணியின் குடுமி கைக்கு வசமாக அகப்பட்டது. முரண்டு பிடிக்கும் கன்றை இழுப்பதுபோல் இழுத்துக் கரையில் போட்டாள். அவர் வாயிலிருந்து உப்புத் தண்ணீரும் காலை இட்லியும் வெளியே வந்தன. மறுநாளே மூட்டை கட்டினார்கள்.

வைகாசியில் உறவுக்காரர் வீட்டுக் கலியாணம். பந்தியில் உட்கார்ந்துகொண்டு கவுண்டர் சொன்னார்: "கழுத்தளவு தண்ணி. குடுமியைப் புடிச்சு ஒரே இழு!"

ரசம் ஊற்றிக்கொண்டு வந்த முத்தாயம்மாளுக்கு அது புதிதில்லை. புருஷன் பொய் சொல்வது பழகிப்போனது. ஆனால் பக்கத்து இலையிலிருந்த வேலுமணி கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணன் இல்லீனா நான் இன்னைக்கு ஏதுங்க?" என்றார். ஓடியவனுக்குப் பொய் வேண்டும், காப்பாற்றப்பட்டவனுக்குமா என்று பட்டது அவளுக்கு.

ரசச் செம்பைக் கீழே வைத்தாள்.

"கழுத்தளவு இல்லீங்க, முழங்காத் தண்ணி. குடுமி உங்களுது. புடிச்ச கை இது. உங்க அண்ணன் அப்பப் பனமரத்துக்குப் பொறத்தால நின்னாருங்க."

சொல்லிவிட்டுச் செம்பை எடுத்து அடுத்த இலைக்கு ஊற்றினாள். பந்தி முழுக்கச் சிரிப்பு. கவுண்டர் மோருக்குக் காத்திராமல் எழுந்துபோனார். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. தன் குடித்தனத்தில் அவ்வளவு சுகமான மாதம் வேறில்லை என்று பிற்பாடு அவள் சொல்வதுண்டு.

அடுத்த மாசியில் அவளே பேச்செடுத்தாள்.

"நானும் சௌந்திரமும் கடலுக்குப் போறமுங்க."

"அப்ப ஊட்டை ஆரு பாக்கறது?"

"ஊடு எங்கயும் ஓடாதுங்க."

கவுண்டர், "நானும் வாரேன்" என்றார்.

"வேண்டாமுங்க. இன்னொருத்தரை இழுத்துப் போட எனக்குத் தெம்பில்லீங்க."

அதன்பின் ஏழு வருஷம் இரண்டு பெண்களும் தனியாகவே போய்வந்தார்கள். அங்கே அடுப்பு மூட்டுவதில்லை. மீனவர் தெருவில் ஒரு பெண் மண்சட்டியில் இறால் குழம்பு வைத்துக் கொடுப்பாள். விடியலில் கோட்டையைத் தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத மணலில் ஒரு மைல், இரண்டு மைல் நடப்பார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நுரையில் கால் நனைப்பார்கள்.

ஒருமுறை கவுண்டரிடமிருந்து கார்டு வந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த சௌந்திரம் படித்தாள். "பண்ணையத்து ஆட்கள் சொன்னபடி கேட்பதில்லை. சமையற்காரி உப்புப் போடுவதில்லை. உடனே புறப்பட்டு வரவும்."

முத்தாயம்மாள் இறால் தோலை விரலால் ஒதுக்கினாள்.

"எந்தத் தேதி போட்டிருக்குது?"

"முந்தாநாத்து."

"அப்ப இன்னும் நாலு நாள் தாங்குவாரு" என்றாள். "கொளம்பு இன்னும் ஊத்து."